மண்மூட்டையின் நிறம்

பஸ்ஸில் நானும் சுதனும் இருந்தோம். எங்கள் கூட்டாளி நிரோஜன் வரவில்லை, அவனுக்கு அன்று வயலில் மருந்தடிப்பு. வவுனியாவில் பார்த்த படத்தை அவனுக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் யுத்தத்தைப் பற்றி இந்தியாவில் எடுத்த படம்.

"பங்கர் காட்சி, அந்தப் பதுங்குகுழி, திறமடா மச்சான். சாக்கு மூட்டையெல்லாம் அடுக்கி, அப்படியே உண்மை மாதிரி."

கண்டக்டர் மெலிந்த மனிதர், நரைத்த தாடி. புளியங்குளத்தில் பாதிப் பஸ் இறங்கிய பிறகும் அவர் சீட்டில் இருக்கவில்லை. எப்போதும் நின்றபடிதான் வருவார். எங்கள் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தார்.

"தம்பி, மூட்டை என்ன நிறம்?"

"மண்ணிறம் அண்ணை. சணல் சாக்கு."

"சாக்கோ?" குரல் ஏறியது. "கடைசிச் சண்டையில எங்களுக்கு ஆர் சாக்குத் தந்தவை? என்ர மனுசியின்ர கூறைச்சீலையை வெட்டித்தான் பை தைச்சு மண் நிரப்பினனான். உங்கட பங்கரில என்ன இருந்தது?"

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மாவின் பச்சைச் சீலைக் கரையில் மயில்கள். ஷெல் விழும்போதெல்லாம் அவற்றை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

"சீலைதான்" என்றேன்.

"பிறகேன் பொய்யைத் திறம் எண்டுறாய்? படிச்ச பெடியனெல்லோ!"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. நெடுங்கேணி வரும்வரை அவர் நின்றபடியே வந்தார். இறங்கும்போது கோபம் முழுக்க என்மேல்தான். படம் எடுத்தவனுக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைதட்டினேன். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் கொடுத்த தியேட்டர் டிக்கெட் காசு மூவாயிரம் ரூபா.