கலக்கவும் வேண்டும், கலந்துவிடவும் கூடாது

மிக்ஸியின் கை பட்டால் அமாவாசை இருட்டிலும் மின்சாரம் வரும். சூரியன்கூடத் தினமும் அவள் வீட்டு ஜன்னலைத் தட்டி, "இன்னிக்கு எவ்வளவு தேவைப்படும்?" என்று கேட்டுக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. இதில் பாதி பொய். மீதிப் பாதியும் பொய்தான். ஆனால் பதினோரு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் கலந்த மையை வேறு யார் கலந்தாலும் அது வெறும் மையாகவே இருந்தது என்பது மட்டும் சத்தியம்.

மிக்ஸி என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். இரண்டு பொடிகளைத் திரவத்தில் கரைத்து மையாக்கி, கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டு, பம்பரம் போலச் சுழற்றிப் படலமாக்கி, அதைச் சூடான தட்டில் வைத்து எடுப்பது அவள் வேலை. அந்தப் படலம்தான் வெயிலை மின்சாரமாக்கும். கூரை மேல் இருக்கும் சிலிக்கான் வகையறா இல்லை இது. பிளாஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. பொடிகளில் ஒன்று கொடுக்கிற ரகம், மற்றது வாங்கிக்கொள்கிற ரகம். வெளிச்சம் பட்டதும் கொடுக்கிறவனுக்குள் ஒரு துடிப்பு பிறக்கும். அது கண் இமைப்பதற்குள் வாங்குகிறவனின் எல்லையைத் தொட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே ஆயுசு முடிந்துவிடும்.

"அப்ப நல்லாக் கலக்கிட்டா வேலை முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால் மிக்ஸிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு வீட்டுல ரெண்டு குடும்பம்னு வெச்சுக்க. சுவர் ஒட்டி இருக்கணும், அப்பதான் குடுக்கல் வாங்கல். ஆனா ஆளுக்கொரு வாசல் வேணும். எல்லாரையும் ஒரே ரூம்ல போட்டு அடைச்சா, வாங்கினதை வெளியே எடுத்துட்டுப் போக வழி ஏது? வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துட்டு முழிக்க வேண்டியதுதான்."

இவ்வளவு தெரிந்தவளுக்குத்தான் மூன்று வாரமாகச் சனி பிடித்திருந்தது. நூறு பங்கு வெயிலுக்கு ஒன்பது பங்கு மின்சாரம் தந்த தகடு திடீரென்று ஐந்துக்கு இறங்கிவிட்டது. அதே பொடி, அதே அளவு, அதே கை. தராசைச் சரிபார்த்தாள். புதுப் புட்டி உடைத்தாள். ஐந்து ஐந்தாகவே நின்றது.

"இன்னும் கொஞ்சம் கலக்கிப் பாருங்களேன்" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் கூடுதலாகக் கலக்கினாள். நாலரை.

"கை போயிடுச்சும்மா உங்களுக்கு" என்றார் அவர், டாக்டர் நாடி பார்த்துச் சொல்வது போல. "வெள்ளிக்கிழமை ஒன்பது வரலைன்னா மெஷின் வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்க கண்ணாடி கழுவுற பக்கம் போயிடுங்க."

பதினோரு வருடம் கலக்கியவளைப் பாத்திரம் தேய்க்கச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து டம்ளரை வைத்த வேகத்தில் டம்ளருக்கே வலித்திருக்கும்.

இந்த எரிச்சலுக்கு நடுவே அவளுக்கு ஒரே ஒரு நிம்மதி, நாத்தனாரின் போன் நின்றுபோனது. பதினோரு வருடமாக, வேலை நாள் தவறாமல், சரியாகப் பதினோரு மணிக்கு அந்தப் போன் வரும். முழங்கால் வலியில் தொடங்கி, தம்பி இளைத்துப்போனதில் வளர்ந்து, சமீப காலமாக "ஒரே பொண்ணு, அதையும் பத்தாவதோட வீட்டுல உக்கார வெச்சுட்டே" என்பதில் வந்து முடியும். மூன்று வாரமாக அது இல்லை. கோபமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மிக்ஸியும் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணி. படலம் சுழன்று நின்ற நேரம் பார்த்து ஸ்டோர் கிளார்க் வந்து வாசலில் நின்றார்.

"ஒரு கையெழுத்து."

"இப்பவா?"

"ஒண்ணே ஒண்ணு."

ஒன்று பதினாலு ஆயிற்று. மிக்ஸி ஈரப் படலத்தின் மேல் தூசி விழாமல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, அவருக்கும் அவர் பேனாவுக்கும் சேர்த்து மனதுக்குள் அர்ச்சனை செய்தபடி கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து படலத்தைச் சூட்டில் வைத்தாள். பாழாய்ப் போயிருக்கும் என்றுதான் அளந்தாள்.

எட்டே முக்கால்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம்? மூடி. பன்னிரண்டு நிமிடம் மூடி வைத்தது. அப்போதுதான் உறைத்தது: பதினோரு வருடமும் போன் அடித்ததும் அதே கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் வராந்தாவுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே நாத்தனார் புலம்பப் புலம்ப, இங்கே மூடிக்குள் ஆவி தங்கிப் படலம் மெல்ல உலர்ந்திருக்கிறது. இரண்டு பொருளும் நிதானமாக ஒதுங்கி ஆளுக்கொரு வாசல் திறந்துகொண்டன. போன் நின்றதும், சுழற்றிய கையோடு சூட்டில் வைத்துவிட்டாள். ஒதுங்க நேரமில்லாமல் எல்லாம் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை, கடிகாரம் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் மூடி வைத்தாள். ஒன்பதும் சொச்சமும். மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைவர் மட்டும் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "பதினோரு வருஷமா இதை ஏன் எழுதி வைக்கல?"

"அது வேலைன்னு தெரியாது சார். தொல்லைன்னு நினைச்சேன்."

அன்று சாயங்காலம், பெரிய மனசு பண்ணி, நாத்தனாருக்கு அவளே போன் போட்டாள்.

"ஏம்மா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? மூணு வாரமா தினமும் அடிக்கிறேன். ஒரு ரிங்கோட கட்டாயிடுது. உங்க வீட்டுல என்னதான் நடக்குது?"

மிக்ஸி, "திரும்பக் கூப்பிடறேன் அண்ணி" என்று வைத்துவிட்டு, போனுக்குள் எதையோ தேடினாள். தடை செய்த எண்கள் என்ற பட்டியலில் ஒரே ஒரு எண் இருந்தது.

இதை எழுதுகிறவள் அதுவரை இந்தக் கதைக்குள் தலை காட்டாமல் தப்பித்து வந்தவள். பத்தாவதோடு வீட்டில் உட்கார்ந்த அந்த ஒரே பெண் அவள்தான். தினமும் அந்தப் போனுக்குப் பிறகு அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வீடு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தையின் எண்ணைத் தடை செய்தாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகப் பண்ணினியா, உனக்காகவா?" என்றாள் அம்மா.

எழுதுகிறவள் எட்டி, அந்த எண்ணின் மேலிருந்த தடையை நீக்கினாள்.

"எனக்கு இனிமே கடிகாரம் போதும்" என்று அம்மா போனை அவள் மடியில் போட்டாள். "பதினோரு மணிக்கு அத்தைகிட்ட நீ பேசு. பன்னிரண்டு நிமிஷம், ஒரு நொடி குறையக் கூடாது. இப்பவே போட்டு ஒத்திகை பாத்துக்க. முழங்கால்ல ஆரம்பிப்பாங்க."