இஸ்திரி அக்காவின் ஸ்டூல்

அந்தச் சலவை ஆலையில் இஸ்திரி அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை நின்றபடியே தேய்த்துத் தேய்த்து, அவள் கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. மேசைக்கடியில் ஒரு மர ஸ்டூல் வைத்திருந்தாள். கை ஓயும்போது கொஞ்சம் உட்காருவாள். அதுவும் ஒருத்தன் கண்ணை உறுத்தியது.

வேறு யாரும் இல்லை, சொந்தக் கொழுந்தன். அவன்தான் அங்கே சூப்பர்வைசர். சட்டைப் பையில் பேனா ஏறியதும் தலைக்குள்ளும் ஏதோ ஏறிவிட்டது. ஒருநாள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் போட்டான்.

"முதலாளி சொல்லிட்டார் அண்ணி. உட்கார்ந்தா வேலை ஓடாதாம்."

"அவர் மட்டும் நின்னுக்கிட்டா வேலை பார்க்கிறார்?"

கேட்காததுபோல அவன் அடுத்த மேசைக்கு நகர்ந்தான். வீட்டில் புருஷனிடம் சொன்னாள். தம்பியை விட்டுக்கொடுப்பானா அவன்? "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. கொழுந்தன் மேசை மேசையாகப் போய் மிரட்டினான். "செங்கொடிக்காரங்க வந்தா ஆலையை இழுத்து மூடிடுவாங்க. முதலாளி தூக்கமில்லாம கிடக்கிறார்."

அந்தக் கட்சியின் கொள்கையில் அவள் ஒரு வரி படித்ததில்லை. முதலாளிக்குத் தூக்கம் போச்சு என்பதே போதுமாக இருந்தது. யாரைக் கண்டு அவர் பயப்படுகிறாரோ அவர்களுக்கே குத்தினாள். ஆலையில் பாதிப் பேர் அப்படித்தான் குத்தியிருக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதற்கு என்னென்னவோ காரணம் எழுதினார்கள்.

செங்கொடி வேட்பாளர் ஜெயித்து, நன்றி சொல்ல ஆலைக்கு வந்தார். மிரட்டிய அதே கொழுந்தன் பல்லை இளித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். முதலாளி நாற்காலியைத் தொடத் தைரியமில்லை. அவளுடைய ஸ்டூலைத் தூக்கி வந்து, தூசி தட்டிப் போட்டான்.

அவர் அதில் சௌகரியமாக உட்கார்ந்து, தொழிலாளிகள் படும் பாட்டை உருக்கமாகப் பேசினார். சுற்றி எல்லோரும் நின்றுகொண்டே கைதட்டினார்கள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எரிந்தது. எரிச்சல் காலோடு நிற்கவில்லை.

"தோழர், எந்திரிங்க."

"என்னம்மா?"

"உங்களுக்குத்தான் நாடாளுமன்றத்துல நாற்காலி வாங்கிக் கொடுத்தாச்சே. இது என் ஸ்டூல்."

அவர் அசடு வழிய எழுந்தார். "அண்ணி!" என்று கத்திக்கொண்டு கொழுந்தன் ஓடிவந்தான். அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.