கை தூக்காதவர்கள்

மாணவர் குரலுக்குக் காது கொடுக்கும் முதல்வர் என்று தூத்துக்குடியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பாதிக்குமேல் நானே போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பரப்பிய பெயர்தான்.

எங்கள் கல்லூரி காலை எட்டரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிந்துவிடும். மாணவர் மன்றத்துப் பிள்ளைகள் ஒருநாள் என் அறைக்கு வந்து, பத்து மணியிலிருந்து மூன்றரைவரை என்று மாற்றித்தரக் கேட்டார்கள். காலையில் சாப்பிடாமல் ஓடிவருகிறோம், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்து சரிப்படவில்லை என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. நானாக முடிவெடுக்க மாட்டேன், எல்லாரையும் கேட்டுத்தான் செய்வேன் என்றேன். முணுமுணுத்த ஆசிரியர்களிடம், “பிள்ளைகளுக்காகத்தான் கல்லூரி, நமக்காக இல்லை” என்று ஒரே போடாகப் போட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கலையரங்கில் கூட்டம் வைத்தேன். மாற்றலாமா என்று கேட்டதும் எல்லாக் கைகளும் மேலே போயின. பூரித்துப்போனேன். வகுப்பு முடிந்தும் மூன்று மணிவரை இருக்க முடிந்தவர்கள் மட்டும்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

புது நேரம் வந்த இரண்டாம் வாரம், வணிகவியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தாள். மாப்பிள்ளையூரணிப் பெண். நன்றாகப் படிப்பவள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா விபத்துக்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. காலையில் கல்லூரி, பிற்பகல் இரண்டு மணிமுதல் இறால் கம்பெனி என்று வீட்டையும் படிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “ஏளா, கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதான?”

“கூட்டம் மூணு மணிக்கு மேடம். ரெண்டு மணிக்கெல்லாம் நான் கம்பெனிக்குள்ள இருக்கணும்.”

“முன்னாடியே என்கிட்ட வந்திருக்கலாம்லா? என் ரூம் கதவு எப்பவும் தொறந்துதான கெடக்கு?”

“தொறந்துதான் கெடக்கும் மேடம். மன்றத்துப் பிள்ளைய எல்லாம் உக்காந்திருக்கும்.”

நேரத்தைத் திரும்ப மாற்றுகிறேன், ஒரு வாரம் பொறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு கருத்தரங்கில், மாணவர்களைக் கேட்டு முடிவெடுப்பது எப்படி என்று நான் பேசவேண்டியிருந்தது. அந்தக் கைதூக்கல்தான் என் பேச்சுக்கு உயிர். அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காரணம் என்ன எழுத என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சொந்த விருப்பம் என்று எழுதச் சொன்னேன். கருத்தரங்கில் நல்ல கைதட்டல்.

ஆனால் தூக்கம் கெட்டது. வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது இன்னும் சிலரும் வராமல் நின்றிருந்தார்கள். ஜவுளிக்கடை, துறைமுக ஏஜென்ட் ஆபீஸ் என்று எல்லாருக்கும் பிற்பகல் வேலை. இரண்டு மாதம் கழித்து, யாரிடமும் பேசாமல், பழைய நேரத்தையே கொண்டுவந்தேன். மன்றத்துப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். நான் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

நானே இறால் கம்பெனி வாசலுக்குப் போனேன். இரண்டு மணி ஷிஃப்டுக்கு வேன்களில் பெண்கள் வந்து இறங்கினார்கள். உள்ளே போகிற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவள் வெளியே வருகிற கூட்டத்தில் இருந்தாள்.

“பழையபடி காலையில வச்சாச்சு. நாளைக்கே வந்து சேந்துரு” என்றேன்.

அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். “காலேஜ் இல்லன்னதும் காலை ஷிஃப்டுக்கு மாத்திட்டாவ மேடம். ஒரு வருஷத்துக்கு இதே ஷிஃப்டுதான்னு எழுதியும் வாங்கிட்டாவ. போன வாரம்தான்.”

“போன வாரமா?”

“காலேஜ் நேரத்த மாத்தப் போறேன், வாரியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. வேன் புறப்படுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். “வாரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.