ஊர் முழுக்க ஒரே கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, புரட்டாசி மாதத்தில், எங்கள் ஊரில் நடவு ஒன்பது நாள் நின்றுபோனது. வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, நாற்றங்காலில் நாற்று இருந்தது. நட வேண்டிய பெண்கள் எல்லோரும் ஊராட்சி அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பதவியை விட்டு இறங்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று முடிவு.

திருவிடைமருதூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். எங்கள் தெரு என்பது வாய்க்கால் கரையில் வரிசையாக நின்ற கூலிக்காரர்களின் குடிசைகள்தான். ஐப்பசி மழையில் தண்ணீர் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டுப் போகும். குளத்துக்குத் தெற்கே கிடந்த புறம்போக்கைப் பிரித்து எங்களுக்கு வீட்டுமனைப் பட்டா தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். தலைவரும் சொன்னார். ஊரில் பாதி நிலம் அவருடையது. ஆட்சி மாறும்போதெல்லாம் அவருடைய துண்டின் கரை மாறும், நாற்காலி மாறாது. அந்த ஆவணியில் அவருடைய மைத்துனர் அதே புறம்போக்கில் செங்கல் சூளைக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். கேட்கப் போனவர்களிடம் தலைவர் சாவகாசமாகச் சொன்னாராம்: "நீங்கதானே எடம் வேணாம்னு கிராம சபையில கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

அம்மா இதைக் கேட்டுவிட்டு வந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். எங்கள் தெருவில் முதலில் பத்தாவது தேறியவர். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து வேலை. அந்த ஒன்பது நாளும் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே வழி பார்த்துக் காலை வைத்து உள்ளே போவார், அப்படியே வெளியே வருவார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். வீட்டில் சோறு மட்டும் பேசாமல் போடுவாள். உத்தியோகம் பார்ப்பவர்கள் வீட்டில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மேலத்தெருவிலிருந்து சிறு விவசாயிகள் கூட்டமாக வந்தார்கள். நாற்று முற்றுகிறது என்று அவர்களுக்கு ஆத்திரம். அம்மா வழக்கமாக நடவுக்குப் போகும் வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று கத்தினார். "ஒங்க சண்டைக்கு என் வயலு காயணுமா?"

அம்மா எழுந்திருக்கவில்லை. "ஒங்க வாய்க்காலத் தூர் வாரினதா அந்தத் தீர்மானப் புத்தகத்துல எழுதியிருக்காம். வாரினாங்களா? உள்ள போயிப் பாருங்கய்யா, அதுல ஒங்க கையெழுத்தும் இருக்கும்."

அவர் உள்ளே போனார். தான் போடாத கையெழுத்தைத் தன் பெயருக்கு நேரே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மறுநாள் மேலத்தெரு முழுக்க வந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ரோட்டில் பஸ் போக இடமில்லை. நான் பள்ளிக்கூடம் போகாமல் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் தாசில்தார் ஜீப்பில் வந்தார். வாசலில் மேசை போட்டார்கள். தலைவர் ஒரு பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"யாராவது பேரைப் படிங்க, கேட்போம்" என்றார் தாசில்தார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆள் எழுந்து, "நா போடலைங்க" என்றார்கள். அம்மாவின் பெயர் வந்தது. அவள் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தாள்.

"இதா என் கையெழுத்து? நல்லா முத்து முத்தாத்தான் போட்டிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. நானும் குனிந்து பார்த்தேன். 'ழ'கரத்தின் வால் கீழே போய்ச் சுழித்துக்கொண்டு மேலே வந்திருந்தது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அது. பெருமை தாங்கவில்லை.

"இது எங்க மாமா எழுத்து!" என்று கத்தினேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை.

"சின்னப் புள்ள, என்னமோ ஒளறுது" என்றார் தலைவர்.

மாமா சுவரை விட்டு வந்தார். "ஒளறலைங்க. நான்தான் போட்டேன். தலைவர் போடச் சொன்னாரு, போட்டேன். எல்லாமே நான்தான்." யாரும் கேட்காமலே பேனாவை எடுத்துத் தாசில்தாருடைய தாளில் அம்மாவின் பெயரை எழுதிக் காட்டினார். புத்தகத்தில் இருந்தது போலவே இருந்தது, கொஞ்சம் கோணலாக.

அதற்கப்புறம், நாங்கள் போடவில்லை என்ற வாக்குமூலத்தில் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைக்கத்தான் நேரம் சரியாக இருந்தது. தாசில்தாரின் மைப்பெட்டி காய்ந்துபோய், கடைக்கு ஆள் அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊராட்சியின் முத்திரையும் சாவியும் ஜீப்பில் ஏறிவிட்டன. தையில் தலைவரை நீக்கி உத்தரவு வந்தது. அடுத்த வருஷம் பட்டாவும் வந்தது. மாமா வழக்கில் சாட்சி சொன்னார். அவருடைய வேலை மட்டும் தாசில்தார் வந்த அன்றைக்கே போய்விட்டது.

அன்று அம்மா என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மாமாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், இனி ஊர் அவரைச் சேர்க்காது என்று அழுதுகொண்டே தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் நடவு தொடங்கியது. மாமா நாற்று முடிகளைத் தலையில் சுமந்துகொண்டு வயலுக்கு வந்தார். அதுவரை சேற்றில் கால் வைக்காதவர். நாலாவது அடியில் வழுக்கி விழுந்தார். முறைக்காரப் பெண்கள் இதற்காகவே காத்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன மச்சான், எங்க கையெழுத்தெல்லாம் நீயே போட்டியே, எங்க நடவையும் நீயே நட்டுடு!"

ஒருத்தி அவர் முதுகில் சேற்றை அப்பினாள். இன்னொருத்தி, "கைநாட்டு மச்சான்" என்று அவர் கன்னத்தில் தன் கட்டைவிரலைப் பதித்தாள். வரப்பில் நின்ற எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நிமிராமலே நட்டுக்கொண்டு, "அவளுவ பேசாம குனிஞ்சு வேலையப் பாத்திருந்தாளுவன்னா, நா அழுதிருப்பேன்டி" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கியிருந்தது.

அம்மாவை நம்பிப் பயனில்லை என்று, நானே சேற்றை உருட்டி அந்தப் பெண்கள்மேல் எறிய ஆரம்பித்தேன். மாமாவைக் காப்பாற்றக் கை வலிக்க வலிக்க எறிந்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சேற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மாமாவும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.