பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக

“புதிதாக வருகை தரும் போதகருக்கு, அந்தச் சபையின் வழக்கங்கள் யாவற்றையும் ஆராதனைக்கு முன்னரே செயலாளர் தெரிவித்தல் வேண்டும்.”

எங்கள் சபை ஒழுங்குப் புத்தகத்தில் உள்ள விதி இது. நல்ல விதி. தெளிவான விதி. ‘யாவற்றையும்’ என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் கடைப்பிடிக்கக் கடினமானது எதுவுமில்லை.

செயலாளர் யார்? நான்தான். அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனை ஒரு சபை வேறு எதற்குத்தான் வைத்துக்கொள்ளும்?

கனகராயன்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால் எங்கள் ஆலயம். சின்னச் சபை. பெரும்பாலும் வயல் செய்கிறவர்கள். போதகர் இல்லாமலே இரண்டு போகம் அறுத்து முடித்துவிட்டோம். பக்கத்துச் சபைப் போதகருக்கு நேரம் கிடைத்தால் வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் நான் ஆராதனை நடத்துவேன். அச்சடித்து அனுப்பும் பிரசங்கத்தை வாசிப்பேன். சனம் பொறுமையானது.

போன ஆடியில் தலைமையகம் எழுதியது — ஒருவரை அனுப்புகிறோம், பார்த்துச் சொல்லுங்கள் என்று. அவர் ஒரு ஞாயிறு வந்து ஆராதனை நடத்துவார். பிறகு சபை தன் சம்மதத்தை எழுதும். பிறகு அவர் தன் சம்மதத்தை எழுதுவார். மாப்பிள்ளை பார்ப்பது மாதிரித்தான். சாதகம் மட்டும் கேட்பதில்லை.

ஊர் சுறுசுறுப்பானது. மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். போதகருக்கான மிஷன் வீட்டில் பொருளாளர் துரைராசா தன் மில்லின் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். “வீடு சும்மா கிடந்தால் பழுதாப்போம் எண்டுதான்...” என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரே பகலில் எல்லாவற்றையும் இறக்கினார். காரணம் இருந்தது. அவருடைய பேத்திக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஊர்ப் போதகர் கையால்தான் என்று வீட்டம்மா பிடிவாதம்.

வந்தவர் பெயர் யோசுவா. முப்பத்தைந்து வயது இருக்கும். மலையகத்தில் பிறந்து, அங்கேயே ஊழியம் செய்தவர். எங்கள் வன்னிக்கு அதுதான் முதல் வருகை.

விதிப்படி, சனிக்கிழமை பின்னேரமே அவரை மிஷன் வீட்டு விறாந்தையில் இருத்தி எல்லாம் சொன்னேன். ஃபானைப் போட்டால் மைக் இரையும். இரண்டாம் மணி அடித்த பிறகுதான் பாதிச் சனம் உள்ளே வரும். அதற்கு முன் வாய் திறக்க வேண்டாம். காணிக்கைப் பாட்டில் துரைராசா எல்லாரையும் முந்திக்கொண்டு போவார். எட்டிப் பிடிக்க முயல வேண்டாம். வாசலில் படுத்திருக்கும் நாய் சபைக்குச் சொந்தமானது, எழுப்பத் தேவையில்லை.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“வேற ஏதும் இருக்குங்களா ஐயா?”

“இல்லை,” என்றேன்.

இருந்தது.

எங்கள் ஆராதனையில், பொது மன்றாட்டில், ‘தரையிலும் நீரிலும் ஆகாயத்திலும் பிரயாணம் செய்கிறவர்களுக்காக’ என்று ஒரு வரி வரும். நடத்துகிறவர் அங்கே சற்று நிறுத்துவார். சனம் இருந்த இடத்திலிருந்தே பெயர்களைச் சொல்லும். கொழும்புக்குக் கிளினிக் போகிறவர், கட்டாருக்கு வேலைக்குப் போகிறவர், கனடாவிலிருந்து வந்து திரும்புகிற சித்தப்பா... எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்.

“ரூபன்.”

மலரக்காவின் ஒரே மகன். (மலரக்கா என்னைவிட இளையவர். ஆனால் ஊருக்கே அக்கா, ஆகவே எனக்கும்.) போர் முடிந்த அந்த வைகாசியில், வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்த சனத்தோடு சனமாகத் தாயும் மகனும் வந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் இராணுவத்தினர் இளம் பொடியன்களைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். ரூபனுக்குப் பத்தொன்பது வயது. அவனும் ஏறினான். அந்த பஸ் எங்கே போய் நின்றது என்று, பதினாறு வருஷமாகியும், யாரும் அந்தத் தாய்க்குச் சொல்லவில்லை.

முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரையில்லாத ஆலயத்தில் நடந்த முதல் ஆராதனையிலேயே மலரக்கா அந்தப் பெயரைச் சொன்னார். பிரயாணிகளோடு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் வீட்டுக்கு வந்து விதியைப் பார்த்தேன். ‘பிரயாணி போய்ச் சேரும்வரை, அல்லது திரும்பி வரும்வரை, அவர் பெயரைச் சொல்லலாம்’ என்றிருந்தது. எத்தனை வருஷத்துக்கு என்று இல்லை. புத்தகத்தை மூடி வைத்தேன்.

முன்பிருந்த போதகருக்கு அது பொறுக்கவில்லை. கெட்டவர் அல்ல. கார்த்திகை (நவம்பர்) இரண்டாம் திகதி மரித்தோரை நினைக்கும் நாள். அன்று பொழுதுபட, சேமக்காலையில் கல்லறைகள் மேல் மெழுகுதிரி கொளுத்தி, இறந்தவர்களின் பெயர்களை வாசிப்போம். “அந்தப் பேரையும் அங்கை சேர்த்துவிட்டால் உங்களுக்கும் ஒரு ஆறுதல் அம்மா,” என்றார்.

மலரக்கா வேதப்புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். அந்தப் போதகர் மாற்றலாகிப் போகும் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்துக்கு வெளியே, மதிலோரம் குடையை விரித்து இருந்தார். மன்றாட்டு வந்ததும் அங்கிருந்தபடியே பெயரைச் சொல்வார். சன்னல்கள் திறந்துதான் இருந்தன.

ஆகவே புதியவர் வருகிறார் என்றதும், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்க வந்த இடத்தில் மலரக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணை, இவரும் பேரை அங்கால மாத்தச் சொல்லுவாரோ?”

“அப்பிடிச் சொல்ல விதியில்லை.”

“முந்தியும் இல்லைத்தானே?”



இத்தனையும் தெரிந்தவன் ஏன் யோசுவா போதகரிடம் சொல்லவில்லை? நீங்கள் கேட்கலாம். தலைமையகம் கேட்டால் விளக்கக் கடிதம்கூட எழுதியிருப்பேன். நாயைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, இதற்கு வரவில்லை. எப்படிச் சொல்வது? ‘மூன்றாம் வாங்கிலிருந்து ஒரு பெயர் வரும், ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுங்கள்’ என்றா? எங்களுக்குள்ளேயே நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொள்ளாத ஒன்று அது. பேசாமல் இருப்பதுதான் அந்த வழக்கமே.

ஞாயிறு வந்தது. பிரசங்கம் அளவாக இருந்தது. துரைராசாகூட நித்திரை கொள்ளவில்லை. பிறகு மன்றாட்டு. பிரயாணிகளின் இடத்தில் போதகர் நிறுத்தினார். அவருக்கும் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை — அதற்கு விதியும் இல்லை.

“போற இடத்தையும் சொல்லுங்க. அந்தப் பாதைக்கும் சேர்த்து ஜெபிப்போம்,” என்றார்.

சனத்துக்குப் பிடித்துப்போயிற்று.

“என்ர மருமகன், குவைத்துக்கு.”

“தங்கச்சி, கொழும்புக்கு. கண் ஒப்பரேசன்.”

“நான்தான். நாளைக்கு யாழ்ப்பாணம், மில்லுக்கு பெல்ட் வாங்க,” என்றார் துரைராசா. “ஆனையிறவடியில காத்து கடுமை. மோட்டச்சைக்கிள்.”

ஆலயத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. போதகரும் சிரித்தபடியே காற்றை அடக்கும்படி ஜெபித்தார். நான் மூன்றாம் வாங்கைப் பார்த்தேன். எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா? மன்றாட்டின் நடுவில் செயலாளர் எழுந்து நடக்க எந்த விதியில் இடமிருக்கிறது?

“ரூபன்.”

“ரூபன் எங்கம்மா போறாரு?”

மலரக்கா எழுந்து நின்றார். அதுவரை யாரும் எழுந்து நின்று பெயர் சொன்னதில்லை.

“தெரியாது ஐயா. வட்டுவாகல் பாலத்தடியில பஸ்ஸில ஏத்தினவை. பின்னேரம் வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டு ஏறினவன்.”

போதகருக்கு அப்போதும் விளங்கவில்லை. “என்னைக்கும்மா?”

“அந்த வைகாசி.”

எந்த வைகாசி என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பீடத்தில் வைத்தார். குவைத் பாதைக்கும் கொழும்புப் பாதைக்கும் வந்த வார்த்தை இந்தப் பாதைக்கு வரவில்லை. கடைசியில் புத்தகத்தில் இருந்ததை மட்டும் சொன்னார்: “இவர்கள் எல்லாரையும் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்தருளும்.”



மதியச் சாப்பாட்டில் மலரக்காதான் அவருக்குச் சோறு போட்டார். நான் பக்கத்துக் கதிரையில்.

“தெரியாம கேட்டுட்டேன் அம்மா. மன்னிச்சிருங்க.”

“கேட்டதில பிழையில்லை ஐயா. ஒருத்தரும் கேக்கிறேல்லை.” கறியை எடுத்தார். “உங்களுக்கு என்ன வயசு?”

சொன்னார். மலரக்கா தலையாட்டிவிட்டு, கேளாமலே இன்னொரு அகப்பை இறைச்சி போட்டார்.

அன்று பின்னேரமே கூடினோம். ஏகமனதாகச் சம்மதம். மறுநாளே கடிதம் அனுப்பினேன். போதகர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி.

மாதம் முடிந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று தலைமையகம் எழுதியது. கிடைத்தது எனக்கும் தெரியும். பதிவுத் தபாலில் அல்லவா அனுப்பினேன்?

“அவர் வரமாட்டார் பாருங்கோ,” என்றார் துரைராசா, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைகிற நேரம். “அண்டைக்கே முகம் செத்துப்போச்சு. மலையில நிம்மதியா இருக்கிற மனிசன் இந்தப் பாரத்தைத் தூக்க வருவாரோ?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் துரைராசாவுக்கு மெதுவாகப் பேச வராது. மலரக்கா வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு திரும்பி வருமுன், அந்தக் கிழமையே என் வீட்டுக்கு வந்தார்.

“என்னாலதான் அண்ணை. வந்த மனிசனை முதல் நாளே பயப்படுத்திப்போட்டன்.”

“பதில் பிந்த ஆயிரம் காரணம் இருக்கும் மலரக்கா. இப்ப ஆறு கிழமைதானே...”

“நீங்கள் கச்சேரிக் கதை கதைக்கிறியள். துரைராசாவின்ர பேத்தி நடக்கத் தொடங்கீட்டுது. படுக்கையில கிடக்கிறவைக்குத் திருவிருந்து இல்லை. என்ர ஒரு பேருக்காக ஊருக்கெல்லாம் போதகர் இல்லாமல் போறதோ?”

அடுத்த ஞாயிறு நான்தான் ஆராதனை நடத்தினேன். பிரயாணிகளின் இடத்தில் நிறுத்தினேன். குவைத் வந்தது. கொழும்பு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நிறுத்தினேன். மூன்றாம் வாங்கில் மலரக்கா குனிந்த தலை நிமிராமல் இருந்தார்.

வேறு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சொல்லியிருக்கலாம். எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. ஆனால் அது தாய் சொல்ல வேண்டிய பெயர். அவர் இறக்கி வைத்ததை நாங்கள் எந்த உரிமையில் எடுப்பது?

துரைராசா பிறகு என்னிடம் வந்தார். “சொல்லேல்லை. கவனிச்சியளே?”

“ஓம்.”

“நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமலே உருட்டிக்கொண்டு போனார்.

இப்படியே ஞாயிறுகள் போயின. மழை தொடங்கியது. ஒவ்வொரு கிழமையும் நான் அந்த இடத்தில் நிறுத்தினேன். ஒவ்வொரு கிழமையும் ஃபான் மட்டும் சுற்றியது. மரித்தோரை நினைக்கும் நாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரு பயம் பிடித்தது. பிரயாணிகளிடமிருந்து எடுத்த பெயரை, சேமக்காலையில் கொண்டுவந்து வைத்துவிடுவாரோ? எங்களுக்காக?

பிறகு பதில் வந்தது.

போதகர் தன் கையாலேயே எழுதியிருந்தார். சம்மதம். தை மாதம் வந்து பொறுப்பேற்கிறார். தாமதத்துக்குக் காரணமும் எழுதியிருந்தார்: இருக்கிற சபைக்கு இன்னொருவர் நியமனமாகும் வரை, புதிய அழைப்புக்குப் பதில் எழுத அவருக்கு அனுமதியில்லை. விதி! ஒழுங்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லா விதியும் தெரிந்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை.

கையொப்பத்துக்கு மேலே ஒரு வரி.

‘ரூபன் திரும்பிவிட்டாரா என்பதையும் அறியத் தரவும்.’

ரூபனைப் பற்றி மலரக்கா எத்தனை அலுவலகங்களுக்கு எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களுக்கு டிராஃப்ட் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ‘கிடைத்தது’, ‘கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’, ‘உரிய பகுதிக்கு அனுப்பப்பட்டுள்ளது’ — வந்த பதில்களின் தமிழ் எனக்கு மனப்பாடம். வந்துவிட்டாரா என்று விசாரித்து ஒரு கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை.

உடனே கொண்டுபோனேன். மலரக்கா கோழிக்கூட்டுக் கூரைக்குத் தகரம் வைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, தானே வாசித்தார். கடைசி வரியில் நின்றார். மறுபடி அதை மட்டும் வாசித்தார்.

“இதுக்கு எப்ப மறுமொழி போடுவியள் அண்ணை?”

“வந்தண்டைக்கே போடுறதுதான் முறை.”

“அப்ப எழுதுங்கோ.” கண்ணாடியைக் கழற்றினார். “இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ.”

திரும்பி வரும் வழியில், சேமக்காலையில் துரைராசாவும் சனமும் பொழுதுபட நடக்கும் ஆராதனைக்குப் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, மலரக்கா சொன்னபடியே எழுதினேன். மேலே திகதி போட்டேன். போதகரின் பதில் வந்து சேர்ந்ததும் அதே திகதிதான்:

கார்த்திகை இரண்டு.