கொட்டை ஊறட்டும்

இன்று காலை பக்கத்து வீட்டில் புளியங்கொட்டை வறுத்தார்கள்; அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பேசிக்கொண்டிருந்த என் வாய் தானாக மூடிக்கொண்டது.

எங்கள் பள்ளிக்கூடம் கம்பத்துக்குத் தெற்கே, வருஷமெல்லாம் காய்ந்து கிடந்த ஓடைக்குள் போட்டிருந்த ஓலைக் கொட்டகை. வாத்தியார் கேள்வி கேட்ட கையோடு ஆளுக்கொரு வறுத்த புளியங்கொட்டையைக் கொடுப்பார். அதை வாயில் அடக்கி, ஊறி மெத்தென்று ஆகும்வரை யோசிக்க வேண்டும், அதுவரை பதில் சொல்லக்கூடாது. முந்திரிக்கொட்டைகளான எங்களுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. கன்னம் உப்ப உட்கார்ந்திருப்போம்; பல்லில் கொட்டை உருளும் கடகட சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள், "மலைக்கு அந்தப் பக்கம் மேக்க ஓடுற தண்ணி இங்கன எப்படி வரும்?" என்று கேட்டார்.

என் பக்கத்திலிருந்த செவத்தி அவசரத்தில் கொட்டையை விழுங்கிவிட்டு, "எலி மாதிரி மலையில பொந்து போட்டா வரும்!" என்று கத்தினாள். கொட்டகையே சிரித்தது. வாத்தியார் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை.

"கொட்டை ஊறட்டும், ஆத்தா" என்று அவளுக்கு இன்னொன்று கொடுத்தார்.

மறுவருஷம் மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓடை நிறைந்து கொட்டகைக்குள் புகுந்தது. நாங்கள் சிலேட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறி, சந்தோஷத்தில் குதித்தோம்.

"இப்பவாச்சும் சரின்னு சொல்லுங்க வாத்தியாரே!" என்றாள் செவத்தி.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர், மிதந்து போகும் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"சரிதான் ஆத்தா. இனிமே பள்ளிக்கூடத்த எங்கன வைக்கலாம்?"

கேட்ட கையோடு, நனைந்த மடியிலிருந்து ஆளுக்கொரு கொட்டை எடுத்துக் கொடுத்தார். அவை ஏற்கெனவே ஊறியிருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.