வெயில் படாத சிசிலி

வெயிலுக்குப் பேர்போன கடற்கரைக்கு, வெயில் இல்லாத மாதம் பார்த்துப் போகிறவர்கள் அங்கே எதைத்தான் காணப் போகிறார்கள்?

மெல்பேர்னிலிருந்து வந்திருக்கும் நான், வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்தை அடுத்த பயண முகவர் கடையொன்றில் காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அன்ரியும் அவருடைய மகள் துவாரகாவும். தாதியர் படிப்பை முடித்திருக்கும் மகள், சிசிலிக் கடலில் நீந்த விரும்புகிறாள். செப்டெம்பரில் கூட்டம் குறைவு, தண்ணீரும் இளஞ்சூடாக இருக்கும் என்கிறார் முகவர்.

“பெப்ரவரியில போடுங்கோ தம்பி,” என்கிறார் அன்ரி. “ஒக்டோபரில இவளுக்குக் கலியாணம். கறுத்துப்போய் மணவறையில நிண்டால் சனம் என்ன சொல்லும்?”

“பெப்ரவரி அங்க குளிர்காலம், அன்ரி. கடலில கால் வைக்கேலாது.”

“கரையில நிண்டு பாத்தால் காணும்.”

போரையும் கடலையும் கடந்து வந்த சமூகம், தோல்நிறம் பற்றிய இந்த அச்சத்தை மட்டும் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதைச் சுமப்பவர்கள் எப்போதும் பெண்களே. என்னால் பொறுக்க முடியவில்லை.

“வெயில் வேண்டாமெண்டால் எங்கட மெல்பேர்னுக்கு வாங்கோ அன்ரி. வருஷம் முழுக்க முகில்தான், கறுக்க மாட்டியள்.”

அன்ரி என்னை முறைக்கிறார். துவாரகா சிரிக்கிறாள்.

“அம்மா, கட்டப்போறவர் என்னைக் கறுப்பாத்தான் கண்டு விரும்பினவர். செப்டெம்பர் போடுங்கோ அண்ணா.”

“அப்ப நான் வரேல்லை.”

“சரியம்மா, நான் போட்டு வாறன்.”

முகவர் ஒரு பெயரை நீக்குகிறார். துவாரகா செப்டெம்பரில் தனியாகப் போகிறாள்.